ஃப்ரீசரில் வைத்த மாட்டு ரத்தம்

பெங்களூரில் எலஹங்கா தாண்டி எட்டு கறவை வைத்திருக்கிறேன். போன வருஷம் கோமாரிப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க டாக்டர் வந்தார். வாயிலும் காலிலும் புண் வருமே, அந்த நோய்தான். அவர் கன்னடத்தில் 'காலுபாயி ஜ்வரா' என்பார், எங்கள் அம்மா கோமாரி என்பார். நான் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கழுத்தை அழுத்தி நரம்பு புடைத்ததும் ஊசி. எட்டு ட்யூபிலும் காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணை எழுதி, "சாய்த்து வைங்க, சாயங்காலம் வரேன்" என்று போனார்.

வெயிலில் கெட்டுவிடுமே என்று நான் எல்லாவற்றையும் ஃப்ரீசரில் போட்டேன். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டியது, எடுத்துப் பார்த்தால் பீட்ரூட் தண்ணி! உறைந்தால் ரத்த அணு உடைந்துவிடுமாம். மறுவாரம் மறுபடி எட்டுக்கும் ஊசி. லட்சுமி இன்னமும் டாக்டர் பைக் சத்தம் கேட்டாலே முட்ட வருகிறாள்.

ரிசல்ட்டில் இரண்டு மாடு பாசிட்டிவ். ஆறு மாசத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போடுகிறோமே, அதனால் இருக்குமோ?

லேப்பில் வேலை பார்த்தவன்: பெரும்பாலும் இருக்காது அண்ணா. தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸின் கூடுதான். வைரஸ் உயிரோடு பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்களைச் சுத்திகரிக்கும்போதே எடுத்துவிடுவார்கள். உங்கள் மாட்டுக்குச் செய்த ரத்தப் பரிசோதனை (என்எஸ்பி எலிசா) தேடுவது அந்தப் புரதங்களுக்கான எதிர்ப்பொருளை. பலமுறை ஊசி போட்ட மாட்டில் எப்போதாவது லேசாகக் காட்டும். தாய்க்கு வந்திருந்தால் சீம்பால் குடித்த கன்றிலும் காட்டும். மற்றபடி என்றைக்கோ நிஜமாகவே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம், இப்போது நோய் இருக்கிறது என்றில்லை. ஆனால் சில மாட்டுக்குத் தொண்டையில் 28 நாளைத் தாண்டியும் வைரஸ் தங்கும். அதை இந்த ரத்தப் பரிசோதனை சொல்லாது, தொண்டைக்குள் சின்னக் கிண்ணம் விட்டுச் சுரண்டி எடுத்துத்தான் பார்க்கணும். அந்த ரெண்டும் வெளியில் வாங்கியதா? வெயிலில் மூச்சு இளைக்குமா? கோமாரி வந்து போன சில மாட்டுக்கு அப்படி ஆகும், மயிரும் அடர்ந்துவிடும்.

நான்: அட, ஆமாம் தம்பி! ரெண்டும் சந்தையில் ஒரே ஆளிடம் வாங்கியது. பதினோரு மணி வெயிலுக்கே நாக்கைத் தள்ளி இளைக்கும், மயிரும் கம்பளி மாதிரி. "சீமை மாடு, பெங்களூர் வெயில் பழகணும்" என்றார். நான் பேரம் பேசுவதற்கு முன்னாலேயே ஐயாயிரம் குறைத்தார். நல்ல மனுஷன் என்று டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.