கலைச்சொல் உதவி: வெப்பக் காற்றில் கூடிச் சுற்றும் பருந்துத் திரளுக்கு ஒரு சொல்

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இளவேனிலில் வலசை போகும் கொன்றுண்ணிப் பறவைகளை எண்ணும் தன்னார்வலர்களுக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. சூடான காற்று மேலெழும் இடத்தில் பருந்துகள் சேர்ந்து, சிறகடிக்காமல் சுற்றிச் சுற்றி உயரும் அல்லவா, அந்தத் திரளை ஆங்கிலத்தில் ‘கெட்டில்’ என்கிறார்கள். முதல் வரைவில் அதைக் ‘கூட்டம்’ என்று எழுதியதால், சுற்றும்போது எண்ண வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் ‘கூட்டத்தை எண்ணாதீர்கள்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. படிப்பவர் பத்துப் பறவை சேர்ந்து வந்தாலே எண்ணாமல் விட்டுவிடுவார். ‘கொதிகெண்டி’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. வேறு உண்டா?

இ. எழுதியது:

கொதிகெண்டி வேண்டாம். கெண்டி என்றால் நமக்கு மூக்குள்ள செம்பு. அதைக் கேட்டு யாரும் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். நீர் சுழன்றால் நீர்ச்சுழி, பறவை சுழன்றால் பறவைச்சுழி. உயர்வதையும் சேர்த்துச் சொல்ல ‘ஏறுசுழி’. வினைத்தொகை என்பதால் ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என்று முக்காலத்துக்கும் பொருந்தும். மேலெழும் காற்றை ‘எழுவளி’ என்னலாம்.

செ. எழுதியது:

எழுவளி நல்ல சொல், எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கும் பறவைத் திரளுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும். எழுவளி பறவையே இல்லாமலும் இருக்கும்.

சுழி மட்டும் வேண்டாம். எண்ணிக்கைப் படிவத்தில் சுழி என்றால் 0. ஒரு மணி நேரம் பார்த்தும் பறவை எதுவும் வராவிட்டால் 0 என்று எழுதியாக வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால் அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். ‘10 முதல் 11 வரை சுழி’ என்று எழுதுபவர் என்ன பார்த்தார் என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

க. எழுதியது:

பருந்து வட்டமிடுகிறது என்று எல்லோரும் சொல்வதுதானே. ‘வட்டம்’ என்றே வைத்துவிடலாம். படித்தவுடன் புரியாத சொல்லால் யாருக்கும் பயனில்லை.

ம. எழுதியது:

புரிதல் ஒன்றே அளவென்றால் கலைச்சொல்லே வேண்டாமே, கெட்டில் என்று எழுதிவிட்டுப் போகலாம். ‘எழால்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. எழு என்பது வேர். சங்கப் பாட்டில் அது இரைதேடும் பறவையின் பெயர். எழுகின்ற பறவை, எழுகின்ற திரள், இரண்டையும் ஒரே வேர் தாங்கும். வலசை என்பதும் வலம் என்பதிலிருந்தே வந்திருக்க வேண்டும். வலமாகச் சுற்றிச் செல்வது.

செ. எழுதியது:

ம. ஐயா, பருந்துகள் வலமாகவும் சுற்றும், இடமாகவும் சுற்றும். முன்பே உள்ளே இருப்பவை எந்தப் பக்கம் சுற்றுகின்றனவோ, வந்து சேர்பவையும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சுற்றும். வலசை என்பதற்கு அகராதிப் பொருள், அச்சத்தால் ஊரைவிட்டுக் குடிபெயர்வது. அங்கே சுற்றுவதற்கு இடமில்லை. எழால் என்பதற்கு யாழிசை என்ற பொருளும் உண்டு. திரளுக்கும் பறவைக்கும் ஒரே பெயர் வைத்தால் ‘எழாலில் எத்தனை எழால்’ என்று கேட்க நேரும்.

‘வட்டம்’ ஏன் சரிப்படாது என்றால், இருநோக்கியில் (பைனாகுலரில்) தெரியும் பரப்பைக் கையேடு ‘பார்வை வட்டம்’ என்கிறது. ஒரு வட்டத்தில் பாதி அடுத்ததன்மேல் படியும்படி தொடுவானத்தை மெல்லத் துழாவ வேண்டும் என்று இரண்டாம் பக்கத்திலேயே வருகிறது.

இந்தச் சொல் எதற்குத் தேவை என்பதையும் பாருங்கள். சுற்றும் திரளை எண்ணினால் ஒரே பறவை முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை எண்ணப்படும். கீழிருந்து புதியவை சேரும். பக்கத்துத் திரள் வந்து கலக்கும். மேலே சில மேகத்துக்குள் மறையும். உச்சிக்குப் போனதும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திசையில் சறுக்கி வெளியேறுமே, அப்போதுதான் எண்ணலாம். வானத்தில் ஓர் இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, அதைக் கடப்பதை மட்டும் எண்ண வேண்டும். மிகுதியாக வந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவாலேயே அளந்துகொண்டு போவது. சொடுக்கச் சொடுக்க ஒன்று கூடும் கைக்கருவியான சொடுக்கு எண்ணியைக் குனிந்து பார்க்கக் கூடாது. கண் விலகினால் வரிசை போய்விடும். அதிகமாக வரும் இனத்துக்கு எண்ணி. மற்றவற்றை வாயால் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுவார். அதனால் இது கூவும் சொல்லாகவும் இருக்க வேண்டும். ‘சுழல்! இடப்பக்க மேகத்துக்கு இரண்டு விரல் கீழே!’ என்றால் வாயில் நிற்கிறது. என் வாக்கு ‘சுழல்’.

வெளியேறும் வரிசைக்கும் ஒரு சொல் வேண்டும்.

க. எழுதியது:

சாரை. எறும்பு சாரை சாரையாகப் போவதுபோலத்தான் இதுவும்.

இ. எழுதியது:

சாரை அருமை, மறுப்பில்லை. ஆனால் ‘சுழல்’ முன்னிலை ஏவலும் ஆகும். தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவரிடம் ‘சுழல்!’ என்றால் அவர் திரும்பிவிடுவார்.

செ. எழுதியது:

ஒருவரை ஒருவர் நீங்கள் என்று அழைக்கும் இடம். திரும்பச் சொல்வதானால் ‘திரும்புங்கள்’ என்பார்கள். சுழல் இங்கே முதனிலைத் தொழிற்பெயர்.

ம. எழுதியது:

கையேட்டின் தலைப்பில் உள்ள ‘இளவேனில்’ என்பதையும் பார்க்க வேண்டும். இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். செங்கடலின் வடமுனையில் எய்லத் வழியாகப் புல்வெளிக் கழுகுகள் பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் போகின்றன. அது மாசி, பங்குனி. நம் இலக்கணப்படி பின்பனி. மே மாதத்தில் போகும் தேன்பருந்துதான் இளவேனிலுக்குள் வருகிறது.

செ. எழுதியது:

கணக்கு சரி. ஆனால் வட அமெரிக்காவில் ஒண்டாரியோ ஏரியின் தென்கரையிலும் மார்ச்சில்தான் எண்ணத் தொடங்குகிறார்கள். நீரின்மேல் எழுவளி வலுவாக உருவாகாததால் வடக்கே போகும் பருந்துகள் ஏரியைக் கடக்கத் தயங்கிக் கரையோரமாகவே திரளும். அங்கே அந்தப் பருவத்துக்கு வசந்தம் என்று பெயர். பனி இருந்தாலும் வசந்தம்தான். ‘பின்பனிக் கணக்கெடுப்பு’ என்று அச்சிட்டால் எந்தப் பயணத்தைச் சொல்கிறோம் என்பது விளங்காது.

ந. எழுதியது:

நன்றி. எழுவளி, சாரை இரண்டுக்கும் மறுப்பில்லை. திரளுக்குச் ‘சுழல்’ என்று நான்கு பேர், ‘வட்டம்’ என்று இரண்டு பேர், ம. ஐயா ‘எழால்’. சுழல் என்றே அச்சுக்குப் போகிறது. திருத்திய வரி: ‘சுழலில் எண்ணாதீர்கள், சாரையில் எண்ணுங்கள்.’ அட்டையில் இளவேனில் இருக்கும், அடியில் மார்ச் முதல் மே வரை என்று சேர்த்திருக்கிறேன்.

இ. எழுதியது:

ஏறுசுழியைக் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். உயர்வது என்ற பொருள் ‘சுழல்’ என்பதில் இன்னும் வரவில்லை.