ஸ்பானிஷ் படிக்கிறாக்களே, ‘ஸெர்’, ‘எஸ்தார்’ ரெண்டுக்கும் வழி சொல்லுங்க

வீடு கல்லடியில. சீசனுக்கு அறுகம்பேயில ஒரு தங்கும் விடுதியில வேலை. அலைச்சறுக்க வாற ஸ்பெயின்காரரோட நாலு வார்த்தை பேசலாமே எண்டு ஜனவரியில ஸ்பானிஷ் தொடங்கினன். இப்ப ஏழாவது மாசம்.

உச்சரிப்பு பிரச்சினை இல்ல. ‘பெரோ’ எண்டா ஆனால், ‘பெர்ரோ’ எண்டா நாய். ர, ற பழகின நாக்குக்கு அது லேசு. ‘மே குஸ்தா’வும் நம்மட ‘எனக்குப் பிடிக்கும்’ மாதிரித்தான்.

மாட்டினது ‘ஸெர்’, ‘எஸ்தார்’ எண்ட ரெண்டு வினைச்சொல்லில. நமக்கு ரெண்டுக்கும் அனேகமா ஒரே ‘இரு’, இல்லாட்டி ‘நான் ஆசிரியர்’ மாதிரி வினையே இல்ல. நிரந்தரமெண்டா ஸெர், தற்காலிகமெண்டா எஸ்தார் எண்டு பாடமாக்கினன். பிறகு பார்த்தா செத்தவருக்கு எஸ்தார் போட்டு ‘எஸ்தா முயெர்தோ’! சாவை விட நிரந்தரம் என்ன இருக்கு? ஊர் இருக்கிற இடத்துக்கு எஸ்தார், விருந்து நடக்கிற இடத்துக்கு ஸெர். போன கிழமை ஒரு ஸ்பெயின்காரரிட்ட ‘எனக்கு அலுப்பா இருக்கு’ எண்டு சொல்லப் போய், எஸ்தாருக்குப் பதிலா ஸெர் போட்டு ‘ஸோய் அபுர்ரிதோ’ எண்டிட்டன். ‘நான் அறுவையான ஆள்’ எண்டு அர்த்தமாம். அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில கேக்குது.

தினமும் 20 நிமிசம் ஒரு செயலி, ஆங்கிலத்தில ஒரு இலக்கணப் புத்தகம் பாதி, யூடியூப் வீடியோக்கள், சொந்தமா எழுதின வசனக் கொப்பி எல்லாம் பார்த்தாச்சு. எழுதினா பத்துக்கு எட்டு சரி. வாய் திறந்தா பிழை. மட்டக்களப்பில விசாரிச்ச இடத்தில வகுப்பு இல்ல. இரவு ஒன்லைன் வகுப்பு வேலை நேரத்தோட இடிக்குது.

தமிழில யோசிச்சுப் பேசுற நீங்க, இந்த ரெண்டும் வாயில தானா சரியா வர என்ன பயிற்சி செய்தீங்க?