நாற்றுகளுக்கு மேலே எல்ஈடி விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?

கத்தரிப்பாத்தி (ஸ்காபரோ, கனடா) – ஏப்ரல் 9

வணக்கம் உறவுகளே,

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இந்த ஆண்டு முதன்முறையாக விளக்கின் கீழ் நாற்றுப் போட்டிருக்கிறேன். மார்ச் 8ஆம் திகதி மிளகாயும் கத்தரியும், 25ஆம் திகதி தக்காளியும் விதைத்தேன். மே 25க்கு முந்திய திங்களன்று வரும் விக்டோரியா தினத்தை ஒட்டி வெளியே நடுவதாக எண்ணம். முளைப்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முளைத்துப் பத்து நாட்கள்கூட ஆகாத தக்காளி நாற்றுகள் நூல்போல நீண்டு, இரண்டு வித்திலைகளையும் சுமக்க முடியாமல் சாய்ந்து கிடக்கின்றன. கத்தரியும் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு வளர்கிறது. மிளகாய் மட்டும் ஓரளவு பரவாயில்லை.

விளக்கு சதுரப் பலகை வடிவிலான வெள்ளை எல்ஈடி. பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருந்தது. நாற்றுப் பருவத்தில் 75 சென்ரிமீற்றர் உயரத்தில் வைக்குமாறு கையேடு சொன்னதால், றாக்கையின் தட்டிலிருந்து அந்த அளவை அளந்து கட்டித் தொங்கவிட்டேன். நாளுக்கு 12 மணித்தியாலம் எரிகிறது. கீழே 20 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட இரண்டு தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் அடியில் வெப்பப் பாய் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊரில் அம்மா கத்தரி நாற்றுமேடைக்குத் தென்னோலைப் பந்தல் போட்டு வெயிலை மறைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால், ஒளி கூடினால் நாற்றுக் கருகிவிடும் என்ற பயம் மனதில் ஊறியிருக்கிறது. விளக்கை இன்னும் தாழ்த்தலாமா? தாழ்த்தினால் எந்த அளவுக்கு?

கண்ணாடிவீடு (லீமிங்டன்) – ஏப்ரல் 9

வணக்கம். இங்கே கண்ணாடி வீடுகளில் நாற்றுப் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தில் எழுதுகிறேன். உங்கள் நாற்றுகளுக்கு நோய் எதுவும் இல்லை. ஒளி போதாத இடத்தில் முளைத்த செடி, மேலே ஏதோ நிழல் இருப்பதாகக் கொண்டு, விதையில் இருந்த சேமிப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதற்கே செலவிடும். இலைக்கும் வேருக்கும் மிஞ்சுவது கொஞ்சந்தான். எனவே தாழ்த்தலாமா என்ற உங்கள் கேள்விக்கு, தாழ்த்தத்தான் வேண்டும் என்பதே பதில். எவ்வளவு என்பதை மட்டும் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உயரம் என்பது தனியாக எதையும் சொல்லாத ஓர் எண். 40 வாட் விளக்கையும் 200 வாட் விளக்கையும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டால், கீழே இருக்கும் இலைக்குக் கிடைப்பது இரண்டு வெவ்வேறு உலகங்கள். பெட்டியில் உள்ள 1000 வாட் என்பது பழைய வகை விளக்குகளோடு ஒப்பிட்டுப் போடும் விளம்பர எண்ணாகவே பெரும்பாலும் இருக்கும். சுவர்ச் செருகியில் பொருத்தும் மின்னளவி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதில் விளக்கு உண்மையில் இழுப்பது எத்தனை வாட் என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, இலைமட்டத்தில் ஒளியை அளப்பது. நம் கண்ணை இதற்கு நம்பவே முடியாது, ஏனென்றால் 300 லக்ஸ் (கண்ணுக்குப் படும் வெளிச்சத்தின் அலகு) உள்ள வரவேற்பறையையும் ஒரு லட்சம் லக்ஸ் உள்ள நண்பகல் முற்றத்தையும் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு இரண்டையும் "வெளிச்சம்" என்றே சொல்லும். தாவரத்தின் கணக்கு, ஒரு சதுர மீற்றரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு 150 முதல் 250 வரை இருந்தால் போதும். அதற்குரிய கருவி விலை கூடியது என்பதால், கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலியைப் பயன்படுத்தி, வரும் எண்ணை 70ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை எல்ஈடிக்கு இது ஓரளவு பொருந்தும். அதாவது 14,000 லக்ஸ் என்பது ஏறக்குறைய 200 மைக்ரோமோல். தொலைபேசியின் உணரி இலை இருக்கும் உயரத்தில், மேல்நோக்கி, உங்கள் தலையின் நிழல் விழாதபடி இருக்க வேண்டும். செயலிக்குச் செயலி எண் மாறும் என்றாலும், ஒரே தொலைபேசியால் அளந்த இரண்டு இடங்களை ஒப்பிடலாம்.

மூன்றாவது, நேரம். செடி ஒளியை நாள்முழுவதும் சேர்த்து வாங்குகிறது. 200 மைக்ரோமோல் 16 மணித்தியாலம் விழுந்தால் நாளுக்கு 11.5 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்), நாற்றுக்கு அது நல்ல அளவு. விளக்கு சற்று வலுக்குறைந்ததாக இருந்தால் நேரத்தைக் கூட்டி ஈடுசெய்யலாம். ஆனால் 24 மணித்தியாலமும் எரிய விடாதீர்கள். தக்காளியும் கத்தரியும் இடைவிடாத ஒளியில் இலை மஞ்சளித்துக் கெட்டுவிடும்.

தட்டிலிருந்து அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் விளக்கின் அடியிலிருந்து உச்சி இலை வரைதான் அளக்க வேண்டும். இன்று முளையாக இருப்பது மூன்று வாரத்தில் ஒரு சாணாகிவிடும்.

முற்றத்துத்துளசி (மிசிசாகா) – ஏப்ரல் 10

மேலே ஐயா சொன்ன அளவுகள் எல்லாம் சரி. நான் அந்த வெப்பப் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கும் இதே தவறால் ஒரு ஆண்டின் தக்காளி முழுவதும் வீணாயிற்று. மிளகாய் விதை முளைப்பதற்கு மண்ணில் 27 முதல் 30 டிகிரி வரை வெப்பம் இருப்பது நல்லது. ஆனால் முளை தலைகாட்டிய பிறகும் அடியில் அந்தச் சூடும் மேலே மங்கிய ஒளியுமாக இருந்தால், தண்டு இன்னும் வேகமாக நீளும். நாற்றுத் தட்டின் பெரும்பாலான குழிகளில் முளை வந்தவுடன் பாயை எடுத்துவிடுங்கள். பகலில் 20, 22 டிகிரியும் இரவில் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருந்தால் தண்டு பருக்கும்.

என்னிடம் இருப்பது பலகை விளக்கு அல்ல. கராஜ்களில் மாட்டுவார்களே, அந்த நான்கடி நீளமான எல்ஈடி குழல் விளக்குகள். இரண்டை ஒன்றுக்கொன்று இணையாக, ஏழு அங்குல இடைவெளியில், இலையிலிருந்து நான்கு அங்குலத்தில் தொங்கவிடுகிறேன். பத்து சென்டிமீட்டர்தான். கருகியதே இல்லை. நீங்களும் அப்படியே தாழ்த்திவிடலாம் என்பது என் கருத்து.

இப்போது நீண்டுவிட்ட தக்காளியைத் தூக்கி எறிய வேண்டாம். வித்திலைக்குக் கீழே வரை தண்டை மண்ணில் புதைத்து வேறு குழிக்கு மாற்றினால், புதைந்த தண்டெங்கும் வேர் விடும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் அந்தத் திறமை அவ்வளவாக இல்லை. அவற்றை முன்பிருந்த ஆழத்தைவிடக் கொஞ்சமாகவே இறக்கி, ஒரு குச்சியை நட்டுத் தாங்குங்கள்.

கண்ணாடிவீடு – ஏப்ரல் 10

அக்கா சொன்ன நான்கு அங்குலம் அவருடைய குழல் விளக்குக்குச் சரி. அதன் ஒளி நான்கடி நீளத்தில் பரவி வெளிவருகிறது. ஓர் இடத்தில் குவிவதில்லை. பலகை விளக்கில் அதே ஒளி ஓர் அடிச் சதுரத்துக்குள்ளிருந்து புறப்படுகிறது. அதைப் பத்து சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் நடுவில் உள்ள ஆறேழு நாற்றுகள் வெளுத்துப்போக, ஓரத்தில் உள்ளவை தொடர்ந்து நீளும். இதில் மட்டும் அவருடன் உடன்பட முடியவில்லை. வெப்பப் பாய் பற்றிய குறிப்பு மிகவும் முக்கியமானது, நான் தவறவிட்டுவிட்டேன்.

கத்தரிப்பாத்தி – ஏப்ரல் 11

இருவருக்கும் மிக்க நன்றி. பாயை நேற்றே எடுத்துவிட்டேன். மின்னளவியில் பார்த்தால் என் "1000 வாட்" விளக்கு இழுப்பது 45 வாட். சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

தொலைபேசியால் அளந்தவை இவை. இப்போது இருக்கும் உயரத்தில் நடுவில் 4,500 லக்ஸ். இலையிலிருந்து 40 சென்ரிமீற்றருக்குத் தாழ்த்தியபோது நடுவில் 12,000, மூலைகளில் 7,500. 30 சென்ரிமீற்றரில் நடுவில் 17,500, மூலைகளில் 8,000. கீழே இறக்க இறக்க நடுப்பகுதி ஏறுகிறது. மூலைகள் பெரிதாக ஏறவில்லை. எதைத் தெரிவுசெய்வது?

கண்ணாடிவீடு – ஏப்ரல் 11

அருமையாக அளந்திருக்கிறீர்கள், இந்த எண்களே உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கின்றன. இதுவரை நாற்றுகளுக்குக் கிடைத்தது 64 மைக்ரோமோல். 12 மணித்தியாலத்துக்கு நாளொன்றுக்கு மூன்று மோல்கூட இல்லை. தேவையானதில் கால்பங்குதான் கிடைத்திருக்கிறது.

45 வாட் விளக்கு இரண்டு தட்டுகளுக்கு மட்டுமட்டானது, ஆனாலும் போதும். 40 சென்ரிமீற்றரில் வைத்து 16 மணித்தியாலம் எரிய விடுங்கள். நடுவில் 10 மோலுக்குச் சற்றுக் குறைவாகவும், மூலைகளில் 6 மோல் அளவிலும் கிடைக்கும். மூலைகளை உயர்த்த விளக்கை மேலும் இறக்குவதை விட, தட்டுகளைச் சுற்றி வெள்ளை மட்டைகளை (தடித்த காகித அட்டைகளை) நிமிர்த்தி வையுங்கள். பக்கவாட்டில் தப்பிச் செல்லும் ஒளி திரும்பி உள்ளே விழும். பளபளப்பான தாளைவிட மங்கிய வெள்ளை நிறம் ஒளியைச் சீராகப் பரப்பும். காற்றோட்டத்துக்காக ஒரு பக்கத்தைத் திறந்தே விடுங்கள். அடைத்துவிட்டால் தண்டின் அடி அழுகும் நோய் வந்துவிடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டுகளை அரைவட்டம் திருப்பி, இடம் மாற்றி வைத்தால் ஓரத்துச் செடியும் நடுவுக்கு வரும். மிளகாயும் தக்காளியும் ஒரே விளக்கின் கீழ் இருப்பதால் உயரச் சிக்கல் விரைவில் வரும். அப்போது உயர்ந்த செடிக்கேற்ப விளக்கை ஏற்றிவிட்டு, குள்ளமானவற்றின் தட்டுக்கு அடியில் பலகையோ கவிழ்த்த பெட்டியோ வைத்து உயர்த்துங்கள்.

மங்கலில் வளர்ந்த இலைகள் திடீர் ஒளியைத் தாங்காது. முதலில் 55 சென்ரிமீற்றர், மூன்று நாள் கழித்து 40 என்று இறக்குங்கள். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடிந்தாலோ, உச்சி இலை வெளுத்தாலோ, ஐந்து சென்ரிமீற்றர் ஏற்றினால் போதும். இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் அவசரப்பட்டு ஒளியைக் குற்றம் சொல்ல வேண்டாம். குளிர்ந்த மண்ணில் பொஸ்பரஸை வேர் எடுக்க முடியாதபோதும் தக்காளி அப்படி ஆகும்.

நீர் ஊற்றும் இடம் என்பதால், விளக்கின் மின்கம்பி செருகிக்கு வருமுன் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும். கம்பி வழியே இறங்கும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

முற்றத்துத்துளசி – ஏப்ரல் 11

நேரக் கடிகாரம் பொருத்தும்போது மாலை 7 மணிக்கு எரியத் தொடங்கி மறுநாள் காலை 11 மணிக்கு அணையும்படி வையுங்கள். ஒன்ராறியோவின் நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருந்தால், வார நாட்களில் மாலை 7 முதல் காலை 7 வரை மின்கட்டணம் குறைவு. ஜன்னல் ஒளி வராத அறையில் செடிக்கு நம் இரவும் பகலும் ஒன்றுதான். 45 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஒரு யூனிட்கூட ஆகாது.

ஒரு சிறிய மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள், அல்லது காலையும் மாலையும் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுங்கள். அசைவு பட்டால் தண்டு குட்டையாகவும் உறுதியாகவும் வளரும். எனக்கு இது நாளின் மிகப் பிடித்த வேலை.

கத்தரிப்பாத்தி – ஏப்ரல் 27

உறவுகளே, நிலவரம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விளக்கு 40 சென்ரிமீற்றரில், 16 மணித்தியாலம், மூன்று பக்கமும் வெள்ளை மட்டை. ஆழப் புதைத்த தக்காளி முதல் நான்கு நாள் சோர்ந்திருந்து, பிறகு கடும்பச்சையாகி, இப்போது மூன்றாவது உண்மை இலை விட்டிருக்கிறது. கத்தரியின் புதிய கணுக்கள் நெருங்கி வருகின்றன. பழைய நீண்ட பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது. நடுவில் இரண்டு மிளகாய் இலைகள் கிண்ணமாக மடிந்தன. ஐந்து சென்ரிமீற்றர் ஏற்றியதும் சரியாகிவிட்டன.

இனி ஒரு கேள்விதான். விக்டோரியா தினத்தன்று நேராகப் பாத்திக்குக் கொண்டுபோகலாமா?

கண்ணாடிவீடு – ஏப்ரல் 27

நேராக வேண்டாம். உங்கள் நாற்றுகள் அறிந்த அதிகபட்ச ஒளி 200 மைக்ரோமோலுக்கும் குறைவு. மே மாத நண்பகல் வெயில் 2,000ஐ நெருங்கும். அம்மாவின் தென்னோலைப் பந்தல் இங்கேதான் உதவும். மே 8, 9ஆம் திகதியளவில், இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போனால் உள்ளே எடுத்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு, முதல் நாள் ஒரு மணித்தியாலம் வீட்டின் வடபக்க நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை வெயில் கொஞ்சம், ஆறாம் நாள் அரைநாள், பத்தாம் நாள் முழுநாள். அந்த நாட்களில் தட்டு காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் நீர் நீங்கள் நினைப்பதைவிட விரைவாக வற்றும்.