ஸ்டாக், ஃப்ளோ: இருப்பா, முதலா?

ம.வி., திருச்சி:

குழும அன்பர்களுக்கு வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான பொருளியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஸ்டாக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறேன். பங்குச்சந்தை ஸ்டாக் இல்லை. 'ஃப்ளோ'வுக்கு இணையாக வருவது. ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது ஸ்டாக்: செல்வம், கடன், மக்கள்தொகை. ஒரு மாதத்திலோ ஆண்டிலோ எவ்வளவு வந்தது, போனது என்று அளப்பது ஃப்ளோ: வருமானம், முதலீடு, பற்றாக்குறை. அரசின் ஆண்டுப் பற்றாக்குறையையும் மொத்தக் கடனையும் மாணவர்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். சொற்கள் நன்றாக அமைந்தால் பாதிக் குழப்பம் தீரும். 'இருப்பு, பாய்வு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது உண்டா?

கு.வே., மதுரை:

அம்மா, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்? 'முதல்' என்பதே ஸ்டாக். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அடிமரம் என்று பொருள். நம் 'முதல்' என்பதற்கும் அடி, வேர் என்ற பொருள் உண்டு. வணிகத்தில் போட்ட பணம் என்ற பொருளும் உண்டு. 'முதலிலார்க்கு ஊதிய மில்லை' என்றார் வள்ளுவர். முதல் ஸ்டாக், ஊதியம் ஃப்ளோ. முதலாக இடுவது முதலீடு; அதுவும் ஃப்ளோதான். இணை தானாக அமைந்து கிடக்கிறது. மூலதனம் என்று வடமொழியில் சொன்னாலும் மூலம் வேர்தானே?

த.செ., சென்னை:

ஐயா, அடிமரத்திலிருந்து பணத்துக்கு எப்படி வந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. அடிமரத்திலிருந்து கிளைப்பதுபோல் ஆதாயம் கிளைப்பதால் என்பது ஒன்று. மற்றொன்று கணக்குக் கோல். இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்தில் 12ஆம் நூற்றாண்டிலேயே கோலில் வெட்டுப்போட்டுக் கணக்கு வைத்தார்கள். ஆயிரம் பவுண்டுப் பணத்துக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு. பிறகு கோலை நெடுக்கில் பிளப்பார்கள். நீளமான துண்டு பணம் கொடுத்தவருக்கு. அதன் பெயர் ஸ்டாக். குட்டையான துண்டு வாங்கியவருக்கு. இரண்டையும் பொருத்தினால் வெட்டுகள் ஒன்றியாக வேண்டும், ஏமாற்ற வழியில்லை. 1826இல் இந்த முறை நின்றது. மிஞ்சிய கோல்களை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்து அடுப்புகளில் போட்டு எரித்தபோது கட்டடமே பற்றிக்கொண்டது.

இன்னொன்று. குற்றவாளியின் காலை மாட்டும் மரச்சட்டமும் ஸ்டாக்ஸ்தான். தமிழ் விவிலியம் அதைத் 'தொழுமரம்' என்கிறது. கால்நடையும் ஆங்கிலத்தில் ஸ்டாக். நாம் மாட்டைக் கட்டும் இடம் தொழு. இந்தப் பொருத்தம் என்னை விடமாட்டேன் என்கிறது.

கு.வே., மதுரை:

ஒட்டுக்கட்டும்போது கீழே இருப்பதும் ஆங்கிலத்தில் ஸ்டாக்; நம் தாவரவியல் நூல்களில் அதை 'வேர்க்கட்டை' என்கிறார்கள். துப்பாக்கியின் கைப்பிடியும் அவர்களுக்கு ஸ்டாக், நமக்குக் கட்டைதான். ஆக மரப்பொருள் வருமிடமெல்லாம் 'கட்டை' பொருந்துகிறது. ஆங்கிலத்தார் ஒரே சொல்லை வைத்து மாரடிக்கிறார்கள்; மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் காட்டியபடி நமக்கு நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, வேம்புக்கு அடி.

ர.பா., திருப்பூர்:

ஐயாமார் மன்னிக்க வேண்டும். எங்கள் பனியன் கம்பெனியில் 'ஸ்டாக் எவ்வளவு இருக்கு' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், தையல்காரர் முதல் கணக்கர் வரை. ஸ்டாக் என்றே எழுதினால் யாருக்குப் புரியாது? மாணவனுக்குப் புரிவதா முக்கியம், தூய்மையா?

ம.வி., திருச்சி:

தம்பி, நீங்கள் சொல்லும் ஸ்டாக் கிடங்கிலுள்ள சரக்கு. அதே சொல்லை எழுதினால் கடனையும் மக்கள்தொகையையும் மாணவர் அதற்குள் சேர்க்கமாட்டார். பங்குச்சந்தையும் குறுக்கே வரும். ஐயா, 'முதல்' என்னை மிகவும் இழுக்கிறது. ஆனால் 'முதல் முதல்', 'அன்று முதல்' என்று வரிக்கு வரி இடறும். மக்கள்தொகையை முதல் என்றும் சொல்ல முடியாதே.

சே.அ., சேலம்:

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாளிதழில் மேட்டூர் அணைச் செய்தியைப் பாருங்கள்: நீர் இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி), நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. டிஎம்சிக்குக் காலம் கிடையாது, கனஅடியோடு 'விநாடிக்கு' ஒட்டிக்கொண்டே வரும். உங்கள் பாடம் முழுக்க அதில் இருக்கிறது. டெல்டா விவசாயி யாரும் இருப்பையும் வரத்தையும் குழப்பியதில்லை. இருப்பு என்றே போடுங்கள்.

த.செ., சென்னை:

அருமை ஐயா. ஆனால் வரத்து உள்ளே வருவது மட்டும். இரண்டுக்கும் பொதுவாகப் 'போக்குவரத்து' என்றால் பேருந்து நினைவுக்கு வரும். குறளில் 'ஆகாறு', 'போகாறு' இருக்கின்றன. ஆகாறு சிறிதானாலும் போகாறு அகலாவிட்டால் கேடில்லை என்கிற இடம். ஆறு என்றால் வழி; நீரோடும் ஆறும் அதுவே. உள்பாய்வுக்கும் வெளிப்பாய்வுக்கும் இவற்றை வைக்கலாமே?

ர.பா., திருப்பூர்:

தேர்வில் எழுதும் பையனை நினைத்துப் பாருங்கள், அண்ணா.

கு.வே., மதுரை:

அணை சரி. அங்கே இருப்பது நீர், அது உள்ளது. கடன் என்பதோ கையில் இல்லாத பணம். 'கடன் இருப்பு' என்று எழுதினால் கையில் ஏதோ இருப்பதாகத் தமிழ்க் காது கேட்கும். வங்கி இருப்பு, அந்நியச் செலாவணிக் கையிருப்பு, சரக்கு இருப்பு எல்லாம் உடைமை. உடைமைச் சொல்லைக் கடன்மேல் ஏற்றுவது பொருட்பிழை. முதல் வேண்டாமென்றால் 'நிற்பு' என்று வையுங்கள். நில் பகுதி, நிற்பு தொழிற்பெயர். கடனும் நிற்கும், செல்வமும் நிற்கும். 'பாக்கி நிற்கிறது' என்று கடைக்காரர்கூடச் சொல்கிறாரே.

சே.அ., சேலம்:

நிற்பு இலக்கணப்படி சரி. ஆனால் வகுப்பில் முதல் நாள் அதை விளக்கவே ஒரு மணி நேரம் போகும்.

ம.வி., திருச்சி:

அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சேலத்து ஐயாவும் இருப்பு என்கிறார், அதையே எடுத்துக்கொள்கிறேன். 'இருப்பு, பாய்வு', விளக்கத்துக்கு மேட்டூர் அணை. கடன் வருமிடத்தில் 'நிலுவைக் கடன்' என்று எழுதி, இதுவும் இருப்பளவே என்று அடிக்குறிப்பு தருகிறேன். ஆகாறும் போகாறும் பயிற்சிப் பகுதியில் குறளோடு வரும்.

கு.வே., மதுரை:

நிலுவைக் கடன் நல்ல தமிழ், ஏற்கிறேன். ஆனால் பாருங்கள், நிலுவையும் நில் என்பதிலிருந்து வந்ததுதான். கடனுக்கு வந்ததும் நீங்களே 'நில்'லிடம் போய்விட்டீர்கள். அடுத்த பதிப்பில் 'நிற்பு' பற்றி மீண்டும் எழுதுவேன்.