அப்பச்சிக்குக் கீழ் பல்செட்டு நிற்கவில்லை, இம்ப்ளாண்ட் வைக்கலாமா?

காரைக்குடியான்:
அப்பச்சிக்கு 74 வயது, இரண்டு வருஷமாக முழுப் பல்செட்டு. மேல் செட்டில் குறையில்லை, கீழ் செட்டுதான் பேசும்போதே எழும்பி வருகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டு முகப்பில் எல்லோரோடும் உட்கார்ந்து சீப்புச் சீடையைக் கடித்தார், செட்டு நகர்ந்துவிட்டது, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவர்தான், அப்புறம் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. வீட்டில் செட்டை டம்ளரில் போட்டுவிட்டு ரசம் சாதத்தைக் குழைத்து விழுங்குகிறார். கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது சின்ன டைட்டானியம் திருகுகள், வைத்துச் செட்டை அதில் மாட்டலாம் என்கிறார் டாக்டர். சர்க்கரை வேறு இருக்கிறது. இந்த வயதில் தேவையா?

பல்டாக்டர்_தேவகோட்டை:
கீழ் செட்டு ஆடுவது உங்கள் அப்பச்சிக்கு மட்டுமல்ல. மேலே அண்ணம் முழுக்க ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கீழே அந்த இடம் கிடையாது, நாக்கு வேறு தள்ளும். பல் போன பிறகு கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு தேய்கிறது. இதனால்தான் 2002இல் மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் செட்டையே முதலில் யோசிக்க வேண்டும் என்றார்கள். மேல் செட்டை அப்படியே விட்டுவிடலாம். வயது தடையில்லை, சர்க்கரைதான் கட்டுக்குள் இருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆச்சி_வீட்டு_மருமகள்:
எங்கள் மாமியாருக்கு வைத்து மூன்று வருஷமாகிறது. டைட்டானியம் எலும்போடு சேர மூன்று மாதம் காத்திருந்தோம், அதுவரை பழைய செட்டுதான், அந்த நாட்களில் அவர்கள் புலம்பாத புலம்பல் இல்லை. இப்போது மாட்டும்போது 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நாட்டுக்கோழி எலும்பைக்கூட விடுவதில்லை. ஆனால் செட்டுக்குள்ளே இம்ப்ளாண்டைப் பிடிக்கும் நைலான் வளையம் தேய்ந்து லூஸாகிவிடும், அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அந்தச் செலவை முன்னாலேயே யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் எரிச்சல். இரவில் இதையும் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

செட்டிநாட்டுச்_சித்தப்பா:
தம்பி, அவசரப்படாதே. முதலில் அந்தக் கீழ் செட்டின் அடியை ஈறுக்குத் தக்கபடி புதுசாக அடைத்துப் பார்க்கச் சொல். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது, பணமும் மிச்சம். அதற்கும் ஆடினால் இம்ப்ளாண்ட். சொந்தப் பல் போல இருக்கும் என்று மட்டும் ஆசை காட்டாதே.

காரைக்குடியான்:
சரி சித்தப்பா, அடியை அடைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்கிறேன். நாளை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறோம். அப்பச்சி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "தீபாவளிப் பலகாரத்துக்குள் முடிந்துவிடுமா?"