இருட்டுவதற்குள் பூனையை உள்ளே வரவைப்பது எப்படி? உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்

மதில்மேல் பூனை என்று முதலில் சொன்னவர் எங்கள் சாம்பலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். 3 வயதுக் கடுவன், கருத்தடை செய்தாகிவிட்டது. பகல் முழுக்க உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருப்பான். வெயில் தாழ்ந்ததும் மதிலில் ஏறி உட்கார்வான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கண்ணை ஒரு முறை மெதுவாக மூடித் திறப்பான். அந்தப் பக்கம் குதித்துப் போய்விடுவான். அப்புறம் இரவு 11 மணிக்கு டார்ச்சும் கையுமாகத் தெருவில் நிற்பது நான்தான்.

போன மாதம் கன்னத்தில் வீக்கத்தோடு வந்தான். ஏதோ ஒரு பூனை கடித்திருக்கிறது. பல் இறங்கிய துளை சின்னது. மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொண்டது, உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டிவிட்டது. மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து மருந்து கொடுத்து, “ராத்திரியில் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சாம்பலிடம் அதை யார் சொல்வது?

நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? படித்ததைவிட, உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

முதலில் ஒரு கேள்வி. தட்டில் நாள் முழுக்கத் தீனி கிடக்கிறதா? எங்கள் வீட்டில் கிடந்தது. எப்போது வந்தாலும் சாப்பாடு இருக்கும் என்று தெரிந்த பூனை எதற்காக நாம் கூப்பிடும் நேரத்துக்கு வர வேண்டும்? அதுதான் எங்கள் தவறு.

தட்டை எடுத்துவிட்டோம். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. மாலை வேளை வீட்டுக்குள் மட்டும், பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால். கடிகாரத்தைப் பார்த்து வைக்காதீர்கள். சூரியன் மறையும் நேரம் மாதத்துக்கு மாதம் நகரும், பூனை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கிளம்பும்.

அடுத்தது சத்தம். தீனி டப்பாவின் மூடியில் ஸ்பூனால் மூன்று தட்டு. எடுத்த எடுப்பில் வாசலில் நின்று தட்டினால் ஒன்றும் நடக்காது. முதல் பத்து நாள், பூனை ஏற்கெனவே காலடியில் நிற்கும்போது தட்டிவிட்டு உடனே உணவு வைத்தேன். தட்டல் என்றால் சாப்பாடு என்று அதற்கு உறைத்த பிறகு பக்கத்து அறையிலிருந்து, அப்புறம் பின்வாசலிலிருந்து. மூன்றாவது வாரம் நாலு வீடு தள்ளியிருந்து ஓடி வந்தது.

ஒரே ஒரு விதி: தட்டினால் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம் பெருமை காட்டுவதற்காகச் சும்மா தட்டினார். வந்தது, பார்த்தது, ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. அதற்கடுத்த நாள் நான் தட்டியபோது காதை மட்டும் திருப்பியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டுக்காரரோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

சாம்பலுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைக்க வேண்டாம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோவும் கசுதகா ஷினோசுகாவும் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 20 வீட்டுப் பூனைகளுக்கு அந்நியர் குரலையும் வளர்ப்பவர் குரலையும் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். வளர்ப்பவர் குரல் பூனைகளுக்குத் தெரிகிறது. காதை அசைத்தும் தலையைத் திருப்பியும் அதைக் காட்டின. எழுந்து வந்ததுதான் அபூர்வம். உங்கள் மதில் காட்சி அதேதான்.

*

மேலே சொன்ன டப்பா வித்தையை நானும் ஒரு மாதம் செய்தேன். என் பூனை வரவே இல்லை. ஆனால் உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. சந்தேகம் வந்து, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கழுத்துப்பட்டை ஒன்றில் சீட்டு கட்டி அனுப்பினேன்: “இந்தப் பூனைக்கு வீடு உண்டு. நீங்கள் யாராவது சாப்பாடு வைக்கிறீர்களா?”

மறுநாள் காலை அதே பட்டையில் பதில் வந்தது. “ஆமாம். எங்களிடம் இவன் பெயர் ராஜா. தினமும் 6 மணிக்குச் சாப்பிட வருவான். வீடு இருப்பது தெரியாது, மன்னிக்கவும்.”

பின் தெருவில் ஒரு வயதான தம்பதி. போய்ப் பேசினேன். அவர்களுக்கு அவனைப் பார்க்காமல் இருக்க முடியாது, எனக்கு அவன் இரவு வீட்டில் இருக்க வேண்டும். அவர்கள் காலையில் கொஞ்சம் வைப்பது, மாலையில் வைக்கவே கூடாது என்று ஒப்பந்தம். நாலாம் நாள் 6 மணிக்கு என் வாசலில் வந்து நின்றான், முகத்தில் அப்படி ஒரு கோபம்.

*

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்யாமல் இருக்கட்டும்.

பூனை உள்ளே கால் வைத்ததும் பாய்ந்து போய்க் கதவைச் சாத்துவேன். வராவிட்டால் பதுங்கிப் போய்ப் பிடித்துத் தூக்கி வருவேன். ஒரு வாரம் இது நடந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் அது கதவை நாடவில்லை. பகலில் மடியில் படுத்துத் தூங்கும் அதே பூனை, மாலை 5 மணிக்கு மேல் என் கைக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்கும். நான் ஓர் அடி வைத்தால் அது இரண்டு அடி பின்னால் போகும்.

சரிசெய்ய இரண்டு மாதம் பிடித்தது. பகலில் ஐந்தாறு முறை கூப்பிடுவேன். வந்தால் ஒரு வாய் ஏதாவது கொடுத்து, கதவை அகலத் திறந்தே வைத்திருப்பேன், போக நினைத்தால் போகலாம். உள்ளே வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்ற கணக்கை அதன் மண்டையிலிருந்து அழிக்க வேண்டியிருந்தது. மாலையில் அது சாப்பிட்டு முடித்து முகம் கழுவ உட்கார்ந்த பிறகுதான் எழுந்து போய்ச் சாதாரணமாகக் கதவைச் சாத்துவேன், காற்று வருகிறது என்பதுபோல.

நள்ளிரவில் வந்தாலும் திட்டாதீர்கள். தாமதத்துக்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. வீட்டுக்கு வந்ததற்குத் திட்டு என்றுதான் புரியும்.

*

கருத்தடை செய்யாத கடுவனாக இருந்தால் டப்பா தட்டுவதெல்லாம் இரண்டாம்பட்சம். முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். என் அனுபவம் அவ்வளவுதான், நான்கு கடுவன்கள்.

*

எல்லோரும் பூனை அடம்பிடிப்பதாகவே எழுதுகிறீர்கள். அதன் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். கருக்கலும் விடியலும்தான் பூனை அதிகம் நடமாடும் நேரம். நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குக் கண் தெரியும். டார்ச் அடித்தால் கண் பளபளக்கிறதே, விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருப்பதால்தான். நமக்கு இருட்டத் தொடங்கும்போது எலிகள் வெளியே வரும். பூனை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போய், வீட்டுக்கு வா, படு என்கிறோம்.

அதனால் வேட்டையை உள்ளேயே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். குச்சி நுனியில் கயிறு, கயிற்று நுனியில் ஓர் இறகு. பொழுது சாயும் முன் வாசற்படியில் உட்கார்ந்து இறகைத் தரையோடு இழுப்பேன். துரத்தும்போதே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்வேன். சோபாவுக்கு அடியில் ஒளித்து, நுனி மட்டும் தெரியும்படி அசைத்தால் எந்தப் பூனையாலும் சும்மா இருக்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம். கடைசியில் பிடிக்க விட வேண்டும். லேசர் விளக்கு எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம், எவ்வளவு ஓடினாலும் கையில் ஒன்றும் சிக்காது. பிடித்த கையோடு சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்வது, தூக்கம்: இந்த வரிசை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் கயிற்றை எடுத்துப் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

*

எங்கள் மணி விஷயத்தில் நாங்கள் கடைசிவரை தப்பாகவே யோசித்தோம். சொன்ன நேரத்துக்கு வருவாள், சாப்பிடுவாள், ஒரு மணி நேரத்தில் கதவடியில் உட்கார்ந்து கத்த ஆரம்பிப்பாள். வெளியே சுற்றும் ஆசை என்று நினைத்து ஒரு வாரம் காதைப் பொத்திக்கொண்டோம். பிறகு ஒரு நாள் குளியலறை மூலையில் ஈரம். பாவம், அவளுக்கு ஒதுங்க இடம் இல்லை. அவ்வளவு காலமும் தோட்டத்தில் போய்வந்தவள்.

மணல் பெட்டி வாங்கி வைத்தோம். முகர்ந்துவிட்டு விலகிப் போனாள். அவள் வழக்கமாகத் தோண்டும் இடத்திலிருந்து மண் அள்ளி வந்து மேலே போட்டோம். அன்று இரவே போனாள். அப்புறம் மண்ணைக் குறைத்து மணலைக் கூட்டினோம். ஒன்றுக்கு மேல் பூனை இருந்தால், பூனைகளின் எண்ணிக்கையோடு ஒரு பெட்டி கூடுதலாக வைக்கச் சொன்னார் மருத்துவர்.

*

என் பூனைக்கு 16 வயது. 14 வயதுவரை பெயர் சொன்னால் வருவாள். திடீரென்று வராமல் போனாள். திமிர் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னாலிருந்து தொட்டபோது தூக்கிவாரிப் போட்டதுபோல் துள்ளினாள். காது போய்விட்டது.

இப்போது கொல்லை விளக்கை மூன்று முறை அணைத்து அணைத்துப் போடுவேன். செடி மறைவில் எங்கேயாவது உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. மெதுவாக வருவாள். எப்போதும் நான் விளக்கைப் போட்ட பிறகுதான், அதற்கு முன்னால் ஒரு நாளும் வந்ததில்லை. போன வாரம் மின்சாரம் இல்லை, மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு கையால் மறைத்து மறைத்துக் காட்டினேன். அதற்கும் வந்தாள்.

*

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாப் பூனையும் உள்ளே வரும் என்று நம்பிக்கை கொடுக்காதீர்கள். குட்டிக்கு இரண்டிலிருந்து ஏழு வாரம்வரைதான் மனிதர்களோடு எளிதாக ஒட்டும் பருவம். அந்தக் காலத்தில் மனிதக் கை படாமல் தெருவில் வளர்ந்த ஒரு பெட்டைப் பூனைக்கு நான் ஐந்து வருடமாகச் சாப்பாடு வைக்கிறேன். ஒரே ஒரு முறை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். திரைச்சீலை ஏறி, ஜன்னலில் மோதி, மூக்கில் ரத்தம். உடனே திறந்துவிட்டேன்.

இப்போது வாசலருகே தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி ஒரு மரப்பெட்டி. பூனை நுழையும் அளவுக்கு ஒரு துளை, உள்ளே வைக்கோல். துணி போடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டியதும் அதற்குள் போய்விடுகிறது. எங்கள் இருவருக்கும் இதற்கு மேல் உறவு வேண்டியதில்லை.

*

சாம்பல் வீட்டிலிருந்து மறுபடி. எல்லோருக்கும் நன்றி. நாலு வாரம் ஆகிறது.

தட்டை எடுத்ததும் முதல் மூன்று நாள் அவன் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டது. அம்மாதான், “பிள்ளையைப் பட்டினி போடுகிறாயே” என்று எனக்குத் தெரியாமல் ஒரு பிடி வைத்துவிட்டார். அதையும் நிறுத்தினோம். டப்பா, ஸ்பூன், மூன்று தட்டு. இறகு வித்தையும் உண்டு. கதவை ஓடிப்போய்ச் சாத்துவதில்லை. பத்து நாளில் எட்டு நாள் இருட்டுவதற்கு முன் வந்துவிடுகிறான். மீதி இரண்டு நாள் மதிலில் உட்கார்ந்து காதை மட்டும் திருப்புகிறான். நானும் போய்த் துரத்துவதில்லை. அரை மணி கழித்து மறுபடி தட்டுகிறேன், அநேகமாக வந்துவிடுகிறான். டார்ச்சின் பேட்டரியை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டேன்.

நேற்று மதியம் பாத்திரம் கழுவும்போது கரண்டி கை தவறி டப்பா மூடிமேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் சாம்பல், மூச்சு வாங்குகிறது, மீசையில் ஒட்டடை. மூன்று தட்டுகூட இல்லை, ஒன்றுதான். அவனிடம் அதைச் சொல்லி வாதாட முடியுமா? ஒரு பிடி வைத்தேன்.