புறம் பேசும் பழக்கம்: ஒரு புதுப்பிப்பு

அஸ்ஸலாமு அலைக்கும். பரங்கிப்பேட்டையில் இரவு இஷா தொழுதுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் அங்கே இல்லாதவர் தலையில்தான் விடிகிறது, இதை எப்படி விடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன்.

கடைக்கே போகாதே என்றார்கள் சிலர். அது சரிவரவில்லை. பேச்சுத் துணை போனதே தவிர, மனசுக்குள் அதே குறை சொல்லல் ஓடிக்கொண்டிருந்தது. குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதோடு ஒப்பிடுகிறது. ஆனால் அந்த வசனம் தொடங்குவதே, கெட்ட எண்ணத்தைத் தவிர்க்கச் சொல்லித்தான். நாக்கை விடக் கல்பை, அதாவது உள்ளத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

பலன் தந்தது ஒரு காக்கா (அண்ணன்) எழுதிய வழி: யார் பெயர் அடிபட்டாலும் உடனே அவருக்காக துஆ (இறைவனிடம் வேண்டுதல்). கண்ணெதிரே இல்லாத சகோதரனுக்கு துஆ கேட்டால், 'உனக்கும் அதுபோலவே' என்று மலக்கு (வானவர்) சொல்வதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தராத ஒருவரைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, டீ கிளாஸைப் பிடித்தபடியே 'யா அல்லாஹ், அவர் வியாபாரத்தில் பரக்கத் செய்' என்று, அவர் தொழில் செழிக்க வேண்டி முணுமுணுத்தேன். முதலில் வாய்தான் சொன்னது, மனசு ஒப்பவில்லை. இப்போது அவரைத் தெருவில் பார்த்தால் ஸலாம் தானாக வருகிறது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான் இன்னும் பாக்கி. அங்கே பெரியவர்களே ஆரம்பித்தால், மரியாதை கெடாமல் எப்படிப் பேச்சை மாற்றுவது? சமாளித்தவர்கள் எழுதுங்கள்.